லாந்தரைக் கிழித்து வரும் ஒயிவா

ஜப்பானிய மர அச்சுப் படங்களில் நாம் பார்த்து மிரளும் பேய்களில் பாதி, பேய் வேடம் கட்டிய கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர்கள். மேடைத் தந்திரம் தெரிந்தால் படம் வேறுமாதிரி தெரியும்.

ஒயிவாவை எடுத்துக்கொள்வோம். நான்காம் சுருயா நன்போகு எழுதிய யோட்சுயா பேய்க்கதை 1825இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) நகமுரா அரங்கில் மேடையேறியது. மருந்தென்று நம்பி விஷத்தைக் குடித்து முகம் சிதைந்தவள் ஒயிவா. அவள் தலைவாரும் காட்சியில் முடி கொத்துக் கொத்தாகக் கழன்று குவியும். மேடைப் பலகையில் ஒரு துளை. கீழிருந்து ஒருவர் முடியைத் தள்ளிக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான்.

கதவுக் காட்சி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கணவன் இயேமொன் அவள் பிணத்தையும் வேலைக்காரன் கொஹெய்யின் பிணத்தையும் ஒரே கதவின் இரு பக்கமும் அறைந்து ஆற்றில் விடுகிறான். இரண்டு வேடமும் ஒரே நடிகருக்கு! முதலில் கட்டியவர் மூன்றாம் ஒனோயே கிகுகோரோ. கதவில் தலை நுழையும் துளை, இரு பக்கமும் உடல்போலப் பொருத்திய உடுப்பு. கதவு புரள்வதற்குள் நடிகர் ஒப்பனையை மாற்றி மறுபக்கம் முகத்தை நீட்ட வேண்டும். இடைவெளியை நிரப்புவது ‘தோரோதோரோ’ என்று நீள்குச்சியால் மெல்ல அதிரும் பெருமுரசு. அச்சுப்பட ஓவியர் குனிசாதா இதையே தூக்கிப் பார்க்கும் மடிப்புத்தாள் ஒட்டிய படமாக்கினார்.

லாந்தர் தந்திரம் பிறகு சேர்ந்தது. வழக்கத்தைவிடப் பெரிய காகித லாந்தர். முதுகுப் பக்கம் திறந்திருக்கும். முன்காகிதம் எரிந்து ஓட்டை விரிந்ததும் நடிகர் பின்னாலிருந்து வழுக்கி வெளியே வருவார். அவசரப்பட்டால் பொய்முடியில் தீ பற்றும். தாமதித்தால் பின்னணி அம்பலம். உடுப்பின் கீழ்ப்பகுதி புனல்போலக் குறுகி முடிவதால் கால் தெரியாது.

1831 வாக்கில் ஓவியர் ஹொகுசாய் படத்திலிருந்து நடிகரையே நீக்கிவிட்டார். அவர் படத்தில் லாந்தரே ஒயிவாவின் முகம், கிழிசல்தான் வாய். என் கணக்கில் அத்தனை ஒயிவாக்களிலும் இதுதான் உச்சம்.

அச்சில் கால் மறைவது ‘பொகாஷி’யால். ஈரப்படுத்திய பலகையில், தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் தொட்டு இழுத்தால் நிறம் படிப்படியாகக் கரையும். தண்ணீர் மிஞ்சினால் திட்டு, குறைந்தால் கோடு. ஒவ்வொரு தாளுக்கும் கையால் புதிதாகச் செய்ய வேண்டியதால், அவசரமாக அடித்த பிரதிகளில் முதலில் கெடுவது இதுதான். பேய்ப்படம் வாங்குபவர்கள் முகத்தை விட்டுவிட்டு உடுப்பின் கீழ்நுனியைப் பாருங்கள்.