என்ஜின் மாற்றிய லாரியும் என்னை ஒரு மாதம் அலையவிட்ட பேட்டரி, பிரேக் கோளாறும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டீசல் லாரிக்கு என்ஜின் மாற்றிய பிறகு பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தால், மீட்டர் வைத்து அளக்காமல் யாரையும் ஆல்டர்னேட்டரை (வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கழற்ற விடாதீர்கள். நான் விட்டேன். அதன் விளைவு அதிகாலை மூன்று மணிக்கு இங்கே சிங்கப்பூரில் சவுத் புவோனா விஸ்தா ரோட்டு இறக்கத்தில் தெரிந்தது.

என்னுடையது 10 அடி லாரி. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறியும் வாழையிலையும் எடுத்து, லிட்டில் இந்தியாவின் தேக்காவைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். முதல் 10 ஆண்டு முடிந்ததும் இன்னொரு 10 ஆண்டுக்கு சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) புதுப்பித்தேன். தண்ணீர் ஒழுகி என்ஜின் பிடித்துக்கொண்டபோது இன்னும் ஆறு ஆண்டு மிச்சம் இருந்தது. புது லாரிக்குக் கடன் வாங்க மனம் வரவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின் ஒன்று கிடைத்தது, அதே மாடல், அதே சிசி. மூன்று நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். இழுவையும் புகையும் நன்றாகவே இருந்தன, அந்த வேலையில் எனக்குக் குறையில்லை.

நான்காம் நாள் விடிகாலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பட்டறை அங்கிள் ஃபோனிலேயே "பேட்டரி கோசோங் லா" என்றார், காலி என்று அர்த்தம். புது பேட்டரி, 160 வெள்ளி. ஆறு நாள் ஓடியது, மறுபடியும் அதே 'டக்'. இதற்கிடையில் நான் கவனித்த சில விஷயங்களை அவரிடம் சொன்னேன். தேக்காவில் ஊர்ந்து போகும்போது முன்விளக்கு மங்கும், பிஐஇ விரைவுச்சாலையில் வேகம் எடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும். விளக்கைப் போட்டால் வெப்ப முள் கொஞ்சம் ஏறும், அணைத்தால் இறங்கும். ஸ்டார்ட்டர் தயங்கித் தயங்கிச் சுற்றும். அங்கிள் இதையெல்லாம் பாதி கேட்டுவிட்டு, "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று முடிவு கட்டினார். பிரித்துப் புதுப்பித்த ஆல்டர்னேட்டர் ஒன்று 380 வெள்ளி. பழையதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், நானும் கேட்கவில்லை. இங்கே ஒரு தப்பு செய்தேன்: கழற்றிய பொருளைக் கையில் வாங்காமல் வந்தது. கழற்றிய எதையும் விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு துண்டு ரப்பர் குழாயாக இருந்தாலும் சரி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புது ஆல்டர்னேட்டர் வந்த பிறகு பேட்டரி ஒரு வாரம் தாங்கியது. ஆனால் பிரேக் மாறிவிட்டது. காலையில் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது. இருபது நிமிடம், அரை மணி ஓடிச் சூடானதும், அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் மூன்றாவது முறை பெடல் கட்டை மாதிரி இருக்கும். பட்டறைக்கு எடுத்துப் போனால் அவர்கள் குளிர்ந்த வண்டியை முற்றத்தில் நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கடைசியில் மாஸ்டர் பம்ப் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பம்ப்) போய்விட்டது என்றார்கள். 260 வெள்ளி, டாட் 3 பிரேக் ஆயில் மாற்றிக் காற்று எடுத்ததும் அதில் சேர்த்தி. அப்போது எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் காசு மிச்சம். பெடல் மெத்தென்று உள்ளே போனால் காற்றோ, ஆயிலோ, மாஸ்டர் பம்போ காரணமாக இருக்கலாம். பெடல் கல் மாதிரி இறுகினால், வெற்றிடத்தின் உறிஞ்சலால் நம் கால் பலத்தைப் பெருக்கும் பூஸ்டருக்கு வரவேண்டிய உதவி வரவில்லை என்று அர்த்தம். என் பெடல் ஒரு நாளும் மெத்தென்று போனதில்லை.

அப்புறம் அந்த இரவு. காமன்வெல்த்தில் வீடு, அங்கிருந்து சவுத் புவோனா விஸ்தா ரோடு வழியாகத்தான் சந்தைக்கு இறங்குவேன். வளைவு வளைவான ரோடு. இறக்கத்தில் மூன்றாவது கியரில் போகும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டி ஒரு இழு இழுத்தது. என்னவோ என்று பழக்கத்தில் கிளட்சை மிதித்தேன். என்ஜின் சத்தமே நின்றுவிட்டது. ஸ்டியரிங் கனத்தது. பிரேக்கை மிதித்தால் சுவரை மிதித்தது போல, ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. காலி வண்டி, ரோட்டிலும் யாரும் இல்லை, ஆனால் வளைவு வந்துகொண்டே இருக்கிறது. என்ன தோன்றியதோ, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன். கியர் பிடித்து என்ஜின் சும்மாவே சுற்ற ஆரம்பித்தது, வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டினேன். கை நடுங்கி அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு ஃபோன் செய்யவில்லை, மச்சானுக்குத்தான் செய்தேன்.

மச்சானுக்குத் தெரிந்த ஒரு வயரிங் அண்ணன் இருக்கிறார், கனரக வண்டிகளுக்கு வயரிங் செய்து முப்பது ஆண்டு அனுபவம். ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்குக்கே வந்தார். முதல் நாளே சிம் லிம் டவரில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார், 35 வெள்ளி. இந்த மொத்தக் கதையில் நான் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்.

வந்தவுடன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, சாவியை ஆன் பண்ணு, ஸ்டார்ட் பண்ணாதே. சார்ஜ் விளக்கு எரியுதா?" என்றார். எரியவில்லை. நான் அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஓட ஆரம்பித்ததும் அணைய வேண்டும். என் லாரியில் இருக்கும் வகை ஆல்டர்னேட்டருக்கு அந்த விளக்கு வழியாக வரும் சிறு மின்சாரம்தான் தூண்டுதல். அந்த ஒயர் விட்டுப்போயிருந்தால் மெதுவாக ஓடும்போது சார்ஜே ஆகாது, வேகம் எடுத்தால்தான் தானாக விழித்துக்கொள்ளும். தேக்காவில் மங்கிய விளக்கு பிஐஇ-யில் பளிச்சென்று ஆனதற்குக் காரணம் இதுதான். புது என்ஜினோடு வந்த ஆல்டர்னேட்டரின் பிளக் வேறு வடிவம். பட்டறையில் பிளக்கை வெட்டி ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இரண்டாவது ஆல்டர்னேட்டருக்கும் அதே முறுக்கல். சூட்டிலும் எண்ணெயிலும் டேப்பின் பசை இளகி, உள்ளே ஒயர் தனியாக நின்றது.

அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்வில் வைத்து, இன்னொன்றை என்ஜின் உடம்பில் சுரண்டிய இடத்தில் வைத்து, என்னை ஸ்டார்ட்டர் சுற்றச் சொன்னார். 1.8 வோல்ட். அது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டுமாம், அரை வோல்ட் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். என்ஜினிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பட்டையைக் கழற்றிக் காட்டினார். என்ஜினைப் புதுசு போலக் காட்ட யாரோ வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அந்தப் பெயின்ட்டின் மேலேயே பட்டையை வைத்து முடுக்கிவிட்டிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் போயிருக்கிறது. மீதி வேறு வழி தேடியிருக்கிறது: ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொடச் சொன்னார், சுட்டது! பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரிந்த பிறகு பட்டையை வைத்து முடுக்கினார். மறுபடி அளந்தால் 0.1. ஸ்டார்ட்டர் சுற்றிய சத்தமே வேறு. முள் ஏறி இறங்கியதும் அதோடு நின்றது.

டீசல் பம்பின் ஸ்டாப் சோலனாய்டுக்குப் போகும் ஒயரும் இதே மாதிரி டேப் முறுக்கல்தான். தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதற்கு மின்சாரம் நின்றால் டீசல் அடைபட்டு என்ஜின் நின்றுவிடும். இறக்கத்தில் வண்டி இழுத்ததற்கு அதுதான் காரணம். எல்லா முறுக்கலையும் வெட்டி, ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் காப்புக் குழாய் போட்டார். பேட்டரியில் சும்மா ஓடும்போதே 14.2 வோல்ட். அதாவது, முதலில் வந்த ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இருந்திருக்கத் தேவையில்லை.

சரி, பிரேக்? தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெட்ரோல் என்ஜினில் காற்று உறிஞ்சும் இடத்தில் திராட்டில் அடைப்பு இருப்பதால் பூஸ்டருக்கு வெற்றிடம் அங்கிருந்தே கிடைக்கும். என்னுடையது போன்ற பழைய டீசலில் அந்த அடைப்பு இல்லை, அதனால் வெற்றிடம் உண்டாக்கத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பல ஜப்பான் டீசல்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அதே பெல்ட், அதே தண்டு, என்ஜின் ஆயில்தான் அதற்கும் மசகு. ஆல்டர்னேட்டரைத் தொட்டால் பிரேக்கைத் தொட்ட மாதிரி. கரண்ட் கோளாறு என்று சொல்லி அவர்கள் கழற்றியது என் பிரேக்கை.

அண்ணன் பூஸ்டர் பக்கம் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினார். குளிர்ந்த வண்டியில் வெற்றிடம் 26 அங்குலம் (பாதரச அளவு), பெடல் மிதித்தாலும் இறங்கி உடனே ஏறியது. பட்டறையில் எப்போதும் பார்த்தது இதைத்தான். அப்படியே ஓடவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்தோம். "இப்ப மிதி." இரண்டு மிதியில் 10-க்கு விழுந்தது, திரும்ப ஏற அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. டார்ச்சை என் கையில் கொடுத்து, பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் குழாயைப் பார்க்கச் சொன்னார். என் கண்ணெதிரே அந்தக் குழாய் வளைவில் நசுங்கி ஒட்டிக்கிடந்தது, அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவை உறிஞ்சினால் எப்படி ஒட்டுமோ அப்படி. என்ஜினை அணைத்ததும் மெல்ல உப்பி உருண்டைக்கு வந்தது. அது வேக்குவம் குழாயே இல்லை, சாதாரண டீசல் குழாய். உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சலைத் தாங்காது. குளிரில் விறைப்பாக நிற்கும், சூட்டில் இளகும்.

அதைவிட மோசம் இன்னொன்று. பழைய குழாய்க்குள் ஒரு சிறிய ஒருவழி வால்வு செருகியிருக்குமாம், வெளியே ஓர் அம்புக்குறி மட்டும் தெரியும். ஆல்டர்னேட்டர் மாற்றும்போது பழைய குழாயை வெட்டி எறிந்தபோது வால்வும் குப்பைக்குப் போய்விட்டது. வால்வு இருந்தால் என்ஜின் நின்ற பிறகும் இரண்டு மூன்று மிதிக்குப் பூஸ்டரில் உதவி மிச்சம் இருக்கும். இல்லாததால்தான் அந்த இரவில் முதல் மிதியே சுவரானது. பூஸ்டரைத் திறந்து பார்த்தார், ஒருவழி வால்வு இல்லாமல் பம்பின் எண்ணெய் சில துளி உள்ளே வந்திருந்தது. துடைத்தோம். அதிகம் போயிருந்தால் உள் ரப்பர் ஊதி, பூஸ்டரையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

சரியான குழாய், வால்வு இரண்டும் 40 வெள்ளிக்குள். அம்பு பம்பைப் பார்த்து இருக்க வேண்டும், மாட்டும்போது கவனியுங்கள். இப்போது தினமும் காலையில் நான் செய்வது ஒரு நிமிட வேலை: என்ஜினைப் போடாமல் பெடலை இறுகும்வரை மிதிப்பேன், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்வேன், கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். பிறகு அணைத்துவிட்டு இரண்டு முறை இறுகாமல் மிதிபடுகிறதா என்று பார்ப்பேன். சாயங்காலம் சூடான வண்டியிலும் ஒரு தடவை.

இன்ஸ்பெக்‌ஷன் கதையையும் சொல்ல வேண்டும். 10 ஆண்டு தாண்டிய லாரி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாகனச் சோதனைக்குப் போயாக வேண்டும், இந்த முறை என்ஜின் எண்ணும் மாறியிருக்கிறது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், என்ஜின் விற்ற ரசீதில் இருக்கும் எண்ணும் என்ஜினில் கொத்தியிருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை. கையால் எழுதிய ரசீது, 1 என்பதை 7 போல எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் தாளைத் திருப்பித் தள்ளினார். திருத்தி முத்திரை வைத்துக் கொண்டுவாருங்கள், அவ்வளவுதான். ஒரு நாள் வியாபாரம் போனது. என்ஜின் ஏற்றும் முன்பே, வெளியே தெளிவாகத் தெரியும்போதே, எண்ணைப் ஃபோனில் படம் எடுத்து ரசீதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு டார்ச்சும் கண்ணாடியும் இல்லாமல் படிக்க முடியாது. இரண்டாம் முறை எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தது. புகை 40 எச்எஸ்யூ (புகையின் கருமையை அளக்கும் அலகு) வரம்புக்கு வெகு கீழே, பிரேக் சோதனை உருளையில் இடமும் வலமும் சமமாக இழுத்தன. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றே நசுங்கிய குழாயை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சத்தம் போட நினைத்துப் போனவன், மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். அங்கிள் அதை எடுத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார், பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தார், வேலைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னிடம் எங்கே, எப்படி நின்றது என்று கேட்டார். இறக்கம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. உள்ளே போய் 380 வெள்ளியை எண்ணிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார். மாஸ்டர் பம்ப் காசைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஆயில் குழாயின் முனையில் லேசான கசிவு மட்டும் நிற்கவில்லை, செப்பு வாஷரை மாற்ற அண்ணன் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இந்த முறை கழற்றிய வாஷரையும் நானே வாங்கி வைத்துக்கொள்வேன்.