யாழ்ப்பாணப்பட்டணம் என்றொரு ஊர்

கண்காட்சி பார்க்க வந்த அந்த அம்மாவின் குறிப்புப் புத்தகம் இப்போது எந்த அலமாரியில் கிடக்கும் என்று சில நேரம் யோசிப்பேன். நீல அட்டை, சின்னப் பென்சில். அதில் ஒரு பக்கத்தில் என் ஊரின் பெயரும், அதன் பக்கத்தில் 'வெர்ஸோன்னன்' என்ற டச்சுச் சொல்லும் இருக்கின்றன. இட்டுக்கட்டியது என்று அர்த்தம். எழுதியது அவர். எழுதவிட்டது நான்.

2017 அக்டோபரில், நெதர்லாந்தின் வடக்கே லேவார்டன் நகரில் இருக்கும் ஃப்ரீஸ்லாந்து நூதனசாலையில், நடனக்காரி மாத்தா ஹரி பற்றிய கண்காட்சி தொடங்கியது. உளவாளி என்று பிரான்சில் அவள் சுட்டுக் கொல்லப்பட்டு நூறு வருடம். லேவார்டனில் தொப்பிக் கடைக்காரர் ஒருவரின் மகளாக 1876இல் பிறந்த மார்கரேத்தா செல்லேதான் மாத்தா ஹரி என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். குழுக்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டுவது என் வேலை. ஒரு மணி நேரம், பதினைந்து பேர்.

அந்த அம்மா வாளடியிலேயே என்னைத் திருத்திவிட்டார். பதினாறாம் நூற்றாண்டின் ஃப்ரீசியக் கிளர்ச்சி வீரன் பெரிய பியருடையது என்று சொல்லப்படும் வாள் அது: 2.13 மீட்டர் நீளம், 6.6 கிலோ எடை. அதைக் காட்டும்போது ஃப்ரீசியர்களின் அந்தப் பழைய அடியை எல்லோரையும் சொல்லவைப்பேன்: 'பூட்டர், ப்ரியா, என் க்ரியெனெ ட்ஸீஸ்.' வெண்ணெய், பாண், பச்சை சீஸ். இதைச் சரியாகச் சொல்ல வராதவன் உண்மையான ஃப்ரீசியன் இல்லை. பியரின் ஆட்கள் பிடித்தவர்களை இப்படிச் சோதித்து, நாக்குப் புரளாதவர்களைத் தீர்த்துக்கட்டினார்கள் என்பது கதை. குழு சிரிக்கும். நானும் சிரிப்பேன். 83 கலவரத்தில் கொழும்பில் 'வாளி'யைச் சிங்களத்தில் சொல்லச் சொல்லித் தமிழனா என்று ஆள் பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதை ஒரு குழுவிடமும் சொன்னதில்லை. வாளுக்கு ஐந்து நிமிடம்தான்.

'ட்ஸீஸ்' சரியில்லை, இன்னும் நீட்ட வேண்டும் என்றார் அந்த அம்மா. அப்புறம், லேவார்டன் என்று சொல்லாதீர்கள், அது டச்சுக்காரர் வைத்த பெயர், எங்கள் மொழியில் ல்யௌவெர்ட் என்றார். நன்றி சொல்லி, அதற்குப் பிறகு ல்யௌவெர்ட் என்றே சொன்னேன். ஊர்ப் பெயரில் அவ்வளவு கவனமான மனிதர். இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அவரிடம் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்தது. அதனால்தான் பிறகு நடந்தது இன்னும் உறுத்துகிறது.

மாத்தா ஹரி பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன பிறப்புக் கதைக்கு வந்தோம். கணவனோடு ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் போய், மகனைப் பறிகொடுத்து, திரும்பி வந்து, 1905இல் பாரிஸில் ஆடத் தொடங்கியவள். முதல் பெரிய ஆட்டமே ஒரு நூதனசாலையில்தான், கிமே நூதனசாலையின் நூலகத்தில். அந்த மண்டபத்தில் இருந்த படித்தவர்கள் பலரும் நம்பினார்கள். தென்னிந்தியாவில், மலபார்க் கரையில், யாழ்ப்பாணப்பட்டணம் என்ற புனித நகரில் பிறந்தேன் என்றாள். தாய் கந்தசுவாமி கோவிலில் ஆடியவளாம், தன்னைப் பெற்ற அன்றே பதினாலு வயதில் செத்துப்போனாளாம்.

கந்தசுவாமி! தொப்பிக் கடைக்காரர் மகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என்று முதன்முதல் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மலபார்க் கரை என்று சொன்னதற்குச் சிரிப்பார்கள். ஆனால் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தமிழரை மலபாரிகள் என்றும் தமிழை மலபார் மொழி என்றும்தான் எழுதினார்கள். ஏதோ பழைய டச்சுப் புத்தகத்திலிருந்து இரண்டையும் சேர்த்துப் பொறுக்கியிருப்பாள் என்பது என் ஊகம். ஊகத்தைக் குழுவிடம் சொல்வதில்லை.

அந்த அம்மா கை தூக்கினார். "யாஃப்னாபட்டாம். அதுவும் அவள் இட்டுக்கட்டியதுதானா?"

"ஆமாம். எல்லாமே கட்டுக்கதைதான்" என்றேன்.

அவ்வளவுதான். பென்சில் ஓடியதைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிய, பள்ளிக்கூட எழுத்து. "ஊர் இருக்கிறது, அவள் அங்கே பிறக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் போதும். வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, அவள் படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் ஒட்டிவைத்த புத்தகங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டி நடந்தேன்.

நேரம் இருக்கவில்லை. அது உண்மைதான். பன்னிரண்டு நிமிடம் மிச்சம், ஒட்டுப் புத்தகங்களை அவசரமாகக் காட்ட எனக்குப் பிடிக்காது. அவர் கேட்டது அவள் பிறப்பைப் பற்றி, நான் பதில் சொன்னதும் அதற்குத்தான் என்றும் வாதாடலாம். வாதாடியும் இருக்கிறேன், வீட்டில் மனைவியிடம். "அப்படியென்றால் ஏன் இரவு பதினொரு மணிக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

சொல்லாமல் விட்ட காரணம் வேறு. தொடக்கத்தில் சில குழுக்களிடம் அந்த இடத்தில் நின்று, கொஞ்சம் இடைவெளி விட்டு, "நான் அங்கே பிறந்தவன்" என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் ஒரு சத்தம் போடுவார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், பிறகு அவளுடைய படத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ இடைவெளியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, நான் ஆடுகிறேன் என்று. ஒரு தடவை ஒருவர் யுத்தத்தைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் கண் கலங்கினார், மாத்தா ஹரியை எல்லோரும் மறந்துபோனார்கள். அதன் பிறகு நிறுத்திவிட்டேன். ஆகவே நான் வாய் மூடியது கூச்சத்தால் இல்லை, ஒழுக்கத்தால் என்று ஒரு காலம் நம்பியிருந்தேன்.

ஆனால் 'நான் அங்கே பிறந்தவன்' என்பதற்கும் 'அப்படி ஓர் ஊர் இருக்கிறது' என்பதற்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறதே. எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. என்னைச் சொல்லாமல் ஊரைச் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. பிறந்த ஊரைப் பற்றி வெளிநாட்டில் வாய் திறந்த நேரமெல்லாம் யாரோ ஓர் அதிகாரிக்கு நிரூபிக்கத்தான் திறந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நான் பிறந்தது பருத்தித்துறை ஆஸ்பத்திரியில், வளர்ந்தது கரவெட்டியில். யாழ்ப்பாண டவுனில் பிறந்தவர்களுக்கு முன்னால் "யாழ்ப்பாணத்தில் பிறந்தேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள். வெளிநாட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், கேட்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று. அப்படிப் பார்த்தால் அந்தக் குழுக்களிடம் இடைவெளி விட்டுச் சொன்னதும் முழு உண்மை இல்லை. அவளும் கேட்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாளோ என்னவோ.

கூட வேலை செய்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஃப்ரீசியர், அதிகம் பேசமாட்டார். "அந்த அம்மா வீட்டுக்குப் போய் வரைபடத்தில் தேடியிருப்பார்" என்றார். இருக்கலாம். ஆனால் யாஃப்னாபட்டாம் என்ற எழுத்தில் தேடியிருந்தால் இன்றைய வரைபடத்தில் கிடைத்திருக்குமா?

அடுத்த கிழமை அதே இடத்தில், அதே படத்துக்கு முன்னால், "அந்த ஊர் உண்மையில் இருக்கிறது, கந்தசுவாமி கோவிலும் இருக்கிறது" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். குழு தலையாட்டிவிட்டு நகர்ந்தது. யாரும் எழுதிக்கொள்ளவில்லை.