மாடில நெல்லு விளையாது, கீரை விளையும்

திருச்சில மொட்டை மாடில தோட்டம் போட்டிருக்கேன்னு சொன்னதும் திருவையாத்துப் பெரியப்பா கேட்டாரு, "எத்தன மூட்டடா காணும்?" நக்கல்தான், ஆனா நான் நெசமாவே கணக்கு போட்டேன். ஏக்கருக்கு சுமாரா 2 டன் நெல்லுன்னு வச்சுக்கங்க, எங்க மாடி 600 சதுர அடி, முழுக்க நட்டாலும் 27 கிலோ நெல்லுதான், அரைச்சா 18 கிலோ அரிசி வந்தா பெருசு, நாலு பேர் இருக்குற வீட்டுக்கு ஒரு மாசம் ஓட்டுறதே இழுபறி.

அதனால அரிசிய விட்ருவோம். கியூபா தலைநகர் ஹவானாவுலயும் அப்டித்தான். 1991-ல சோவியத் யூனியன் உடைஞ்சு கியூபாவுக்கு பெட்ரோல், உரம் வரத்து படுத்ததும் ஊருக்குள்ள சும்மா கெடந்த மனைல எல்லாம் பாத்தி கட்டி காய்கறி, கீரைன்னு போட்டுத் தள்ளுனாங்க, ஆனா அரிசி மட்டும் அந்த நாட்டுக்கு இன்னிக்கும் கப்பல்ல வந்துட்டுதான் இருக்கு.

நம்ம டெல்டால கூத்தே வேற. சுத்தி நெல்லு, ஆனா குழம்புக்குப் போடுற காய் ஒட்டன்சத்திரத்துலேருந்து லாரி ஏறி வருது, கேரட்டு ஊட்டிலேருந்து. களிமண்ணு, தண்ணி நின்னா நெல்லுக்குக் கொண்டாட்டம், கத்திரிக்கு வேரு அழுகிரும். சென்னைக்காரங்கள விட நமக்குத்தான் மாடித்தோட்டம் தேவைன்னு நான் சொல்லுவேன், சிரிக்கிறவங்க சிரிங்க.

முதல்ல கீரை போடுங்க. காலைல வாங்குனா சாயங்காலம் தொவண்டு போற சரக்கு, அத பறிச்ச கையோட சட்டில போடுற சொகமே தனி, முளைக்கீரை 25 நாள்ல கைக்கு வந்துரும்.

மண்ணு விஷயத்துல மட்டும் உஷாரு. சும்மா கெடைக்குதேன்னு ஊர்லேருந்து வயல் மண்ண மூட்ட கட்டிட்டு வராதீங்க, செடி வைக்குற பைல காஞ்சா பாளம் பாளமா இறுகிப்போகும், கனமும் ஜாஸ்தி, ஈர மண்ணு கன அடிக்கு 50 கிலோ கிட்ட வரும், பழைய வீட்டு மாடி தாங்கணும்ல. கோகோபீட் (தென்னை நார்த் தூளு) பாதி, மிச்சம் செம்மண்ணும் மாட்டெருவும் போதும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை நார் மில்லு இருக்கு (2018 கஜா புயல்ல அத்தன மரம் சாஞ்சும் அந்தத் தொழில் நிக்கல), அங்க கெடைக்கும். கோகோபீட்ட ரெண்டு மூணு தடவ தண்ணில அலசி உப்பு போனப்பறம் கலங்க. பைய நடு மாடில குவிக்காம சுவரோரமா வைங்க, சித்திரை வெயிலுக்கு மட்டும் பச்சை வலை கட்டிருங்க.