மாத்திரை போட்டியா?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் தைராய்டு மாத்திரை பாட்டில் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். "உனக்கும் தைராய்டா, எனக்கு நூறு எம்சிஜி" என்று அத்தை அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார். லித்தியம் அட்டை மட்டும் பீரோவில், புடவைகளுக்கு அடியில். எனக்கு பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்; அதற்குத்தான் லித்தியம். தைராய்டு குறைந்ததே லித்தியத்தால்தான் இருக்கும் என்கிறார் டாக்டர், அதாவது இரண்டும் ஒரே கதைதான். ஒளித்து வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அம்மாகூட. நானாக வைத்தது.

ஊர் நம்மை ஒதுக்குவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஊர் வாயைத் திறக்கும் முன்பே நம்மை நாமே ஒதுக்கிவைப்பதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. கல்லூரியில் யாராவது ஏதாவது உளறினால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம், எல்லோரும் சிரிப்போம். புரூஸ் லிங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களிலேயே சொன்னது இதைத்தான்: மனநோயாளி என்றால் ஊர் என்ன நினைக்கும் என்பதை நோய் வருவதற்கு வெகு முன்பே எல்லோரும் கற்றுக்கொண்டுவிடுகிறோம், நோய் வந்த அன்றைக்கு அந்தப் பாடம் முழுக்க நம் பெயருக்கு மாறிவிடுகிறது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலை ஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களுக்கும் இடம் உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமே! ஓபியில் பக்கத்தில் உட்காரும் ஒருவர், எம்.காம் படித்தவர், "அதை வாங்கிட்டா நான் பைத்தியம்னு நானே கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி" என்றார். இவருக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, இவர் கேட்கவே போகவில்லை.

இதில் எனக்கு மிகவும் கடுப்பேற்றும் விஷயம் கோபம். நியாயமான கோபம் வந்தால்கூட வீட்டில் "மாத்திரை போட்டியா?" என்பார்கள். சரி, அவர்கள் பட்ட பாடு அப்படி, பயம் இருக்கும். ஆனால் இப்போதெல்லாம் அவர்கள் கேட்பதற்குள் நானே கேட்டுக்கொள்கிறேன், சந்தோஷமாக இருந்தால்கூட. கவனமாக இருப்பது தேவைதான், தூக்கம் குறைந்தும் அசதியே இல்லையென்றால் அது மேனியாவின், அதாவது பைபோலாரில் மனநிலை எல்லை மீறி எகிறும் கட்டத்தின், முன்னறிகுறியாக இருக்கலாம், அதைக் கவனிக்காமல் விட முடியாது. ஆனால் தூக்கத்தைக் கவனிப்பது வேறு, 'உனக்கெல்லாம் கோபப்பட என்ன உரிமை' என்று உள்ளே ஒரு குரல் அதட்டுவது வேறு. ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ளவர்களை வைத்து பால் லைசேக்கர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2007இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. தனக்கு நோய் இருப்பதை உணர்ந்து, கூடவே அந்த நோயைப் பற்றி ஊர் சொல்வதையும் நம்பிவிட்டவர்களுக்குத்தான் எதிர்காலத்தின் மேல் நம்பிக்கையும் சுயமதிப்பும் குறைவாக இருந்ததாம். நோயை ஒத்துக்கொள் ஒத்துக்கொள் என்று கவுன்சலிங்கில் படித்துப் படித்துச் சொல்கிறார்கள், எதையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேவலை.

போன மாதம் எங்கள் அபார்ட்மெண்டில் மோட்டார் ரிப்பேர் என்று ஒரே செலவை இரண்டு முறை எங்களிடம் வசூலித்தார்கள். எனக்கு எரிந்தது. வழக்கம்போல முதலில் என்னையே விசாரித்தேன்: தூங்கினாயா, தூங்கினேன், மாத்திரை, போட்டாயிற்று, பேச்சு வேகமாக இருக்கிறதா, இல்லை. அப்படியென்றால் தப்பு கணக்கில்தான். இரண்டு ரசீதையும் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுக் கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நேரிலேயே கேட்கப் போகிறேன்.