512 பைட் இடத்தில் 536 பைட்

1988 நவம்பர் 2 மாலை. கார்னெல் மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், எம்ஐடி கணினி ஒன்றிலிருந்து ஒரு வார்மை அவிழ்த்துவிட்டார். (பலரும் வைரஸ் என்றே எழுதுகிறார்கள். இன்னொரு புரோகிராமில் ஒட்டிக்கொள்ளாமல் தானாகவே பரவுவது வார்ம்.) குறி வைத்தது பெர்க்லி யுனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய வேக்ஸ், சன்-3 ரகக் கணினிகளுக்கு.

நுழைய அதற்குப் பல வழிகள். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயில் புரோகிராமை டீபக் (பிழை தேடும்) வசதியோடு விட்டுவைத்திருந்தால், பெறுநர் முகவரிக்குப் பதில் கட்டளையையே அனுப்பலாம். பாஸ்வேர்டு ஊகிக்க யூசர் பெயர், அதையே திருப்பிப் போட்டது, கூடவே கொண்டுவந்த 432 சொற்கள்.

சுவாரஸ்யமானது ஃபிங்கர் ஓட்டைதான். ஒரு கணினியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லும் ஃபிங்கர் சர்வர், வரும் வரியைக் கெட்ஸ் என்ற சி ஃபங்ஷனால் வாங்கியது. அதை வைக்க ஸ்டேக்கில் (ஃபங்ஷன் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகப் பகுதி) ஒதுக்கிய இடம், அதாவது பஃபர், 512 பைட். பஃபர் எவ்வளவு பெரிது என்று கெட்ஸுக்குச் சொல்ல வழியே இல்லை. வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே போகும். வார்ம் 536 பைட் அனுப்பியது. மிஞ்சியது பஃபரைத் தாண்டி, ஃபங்ஷன் முடிந்ததும் திரும்பவேண்டிய முகவரியை அழித்து எழுதியது. புது முகவரி பஃபருக்குள் கிடந்த கட்டளைகளைக் காட்ட, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் திறந்துகொண்டது. அந்தக் கட்டளைகள் வேக்ஸுக்கானவை. சன்னில் ஃபிங்கர் சர்வர் கிராஷ் ஆனதோடு சரி.

கணக்கு தப்பியது வேறிடத்தில். ஒரே கணினியில் இரண்டு பிரதி சந்தித்தால் ஒன்று விலகவேண்டும். யாராவது போலியாக 'ஏற்கெனவே இருக்கிறேன்' என்று பதில் சொல்லி ஏமாற்றலாமே? அதனால் ஏழில் ஒன்று எப்படியும் தங்கிவிடும்படி மோரிஸ் எழுதினார். பக்கத்துக் கணினிகள் ஓயாமல் தாக்கும்போது ஏழில் ஒன்று என்பது மிக அதிகம். பிரதிகள் குவிந்து மெஷின் நகரவே இல்லை. ரீபூட் செய்தால் போகும், சற்று நேரத்தில் பக்கத்திலிருந்து மறுபடி வரும். 6,000 கணினிகள் என்று எல்லோரும் சொல்லும் எண்ணிக்கை வெறும் ஊகம். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெர்க்லியிலிருந்து வந்த அவசர வைத்தியங்களில் ஒன்று, சி புரோகிராமை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரையும் லிங்கரையும் பெயர் மாற்றி வைப்பது. வார்ம் முதலில் ஒரு சின்ன சி புரோகிராமை அனுப்பி, அங்கேயே கம்பைல் செய்துதான் உள்ளே வரும். கம்பைலர் கிடைக்காவிட்டால் வாசலிலேயே நின்றுவிடும். நிரந்தரத் தீர்வு, சென்ட்மெயிலில் டீபக்கை எடுத்துவிட்டு, ஃபிங்கரில் அளவு கேட்கும் எஃப்கெட்ஸைப் போடுவது.

1990-ல் மோரிஸுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். சி மொழித் தரத்திலிருந்து கெட்ஸை நீக்க 2011 ஆனது.