லண்டன் டு பாரிஸ், 28 பவுண்டு பஸ்ல

இன்னைக்கு காலைலதான் பாரிஸ் வந்து இறங்குனேன், முதுகு இன்னும் நிமிரல. கடலுக்கு அடியில போற டன்னல் ரயில் டிக்கெட் 140 பவுண்டுன்னு காட்டுச்சு, நைட் பஸ் வெறும் 28. பிரான்ஸ் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கே 90 யூரோ அழுதாச்சு, அதனால யோசிக்காம பஸ்ஸ புக் பண்ணிட்டேன். விக்டோரியா கோச் ஸ்டேஷன்ல கிளம்புறப்பவே முக்கா மணி நேரம் லேட்டு, சார்ஜிங் பாயிண்ட் வேலை செய்யல, டாய்லெட்ட டிரைவர் பூட்டி வச்சுட்டாரு, கேட்டா கப்பல்ல போய்க்கோங்குறாரு!

கப்பல் ஏறுற இங்கிலாந்து துறைமுகம் டோவர் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன், பிரான்ஸ் இமிகிரேஷன் அங்கயே, இங்கிலாந்து மண்ணுலயே முடிஞ்சுடும். தூக்கத்துல எழுப்பி எல்லாரையும் வரிசைல நிக்க வச்சாங்க, ஐரோப்பாக்காரங்க சர்ருனு போயிட்டாங்க, நமக்கு மட்டும் ஹோட்டல் எங்க, ரிட்டர்ன் எப்ப, கைல காசு எவ்ளோன்னு தனி இன்டர்வியூ.

அப்புறம் பஸ்ஸோட கப்பல்ல ஏத்திடுறாங்க. எதிர்க்கரைல இருக்குற பிரான்ஸ் துறைமுகம் கலேக்கு ஒன்றரை மணி நேரம், பஸ்ஸுக்குள்ள உக்கார விடமாட்டாங்க, மேல போயே ஆகணும். எந்த டெக், எந்த படிக்கட்டுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நான் எடுக்கல, லாரிகளுக்கு நடுவுல என் பஸ்ஸத் தேடி ஓடுனத நினைச்சா இப்பவும் வயித்த கலக்குது. டோவர் வெள்ளைப் பாறைய பாக்கலாம்னு ஜன்னலோரம் வேற நின்னேன், நடுராத்திரில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

பாரிஸ்ல பஸ் நிக்குற பெர்சி ஸ்டேஷன் ஒரு பார்க்குக்கு அடியில இருக்கு. வெளிய வந்ததும் ஒருத்தன், "மெட்ரோ ஸ்ட்ரைக், டாக்ஸிதான்"னான். தூக்கக் கலக்கத்துல நம்பி ஏறிட்டேன், தமிழ்க் கடைங்க இருக்குற லா ஷப்பேல் ஏரியாவுக்குப் போக 50 யூரோ! இறங்கி நிமிந்து பாத்தா தலைக்கு மேல பாலத்துல மெட்ரோ ஜம்முனு போகுது. டிக்கெட் ரெண்டரை யூரோ சொச்சம்தான். ரயிலுக்குப் பயந்து மிச்சம் பிடிச்ச காசுல மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு.

கோவத்தோடயே ஃபோபூர் சான் டெனி தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் தமிழ் போர்டு, நகைக்கடை, மளிகைக்கடை, யாழ்ப்பாணத்து வாசனை. ஒரு சின்ன கடைல நுழைஞ்சேன். "எங்கயிருந்து வாறீங்கள் தம்பி? இந்தியாவோ? இருங்கோ, சொதி சூடாக்கித் தாறன்"னார் கடை அண்ணை. இடியப்பம், சொதி, உரல்ல கைல இடிச்ச மாதிரி தேங்காய் சம்பல், பன்னெண்டு இடியப்பம் உள்ள போனதே தெரியல. பில்லு 7 யூரோ, டாக்ஸிக்காரன நினைச்சு இன்னொரு தடவ வயிறு எரிஞ்சுது.

நாளைக்கு சாயங்காலத்துக்கு ஒரு கொத்து ரொட்டி பார்சல் சொல்லி வச்சிருக்கேன். ரிட்டர்னும் அதே பஸ்தான், ரீஃபண்ட் கிடையாதாம்.