சானலில் பழகிய கால்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் ஆற்றங்கரையை ஒட்டிய வீட்டில் வளர்ந்த எனக்கு நீச்சல் கற்றுத் தந்தவர் என் தாய்மாமா. மட்டை உரிக்காத இரண்டு தேங்காய் நெற்றுகளைக் கயிற்றால் பிணைத்து, அந்தக் கயிற்றை என் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு காலை அடிக்கச் சொல்வார். கடந்த மே மாதம் அக்காள் மகனுக்கு நான் கற்றுக்கொடுத்ததும் அதே முறையில்தான்.

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, தாமிரபரணி என்ற பெயருடன் (நெல்லைத் தாமிரபரணி வேறு) எங்கள் ஊரைக் கடந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை சானல்கள் என்று நாங்கள் சொல்லும் கால்வாய்களில் தண்ணீர் விடுவார்கள். அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகள் வீட்டருகே ஓடும் சானலில்தான் குளிக்கிறார்கள். இடுப்பளவு ஆழம், ஒரே சீரான தரை, இரண்டு எட்டில் கரை. ஆனால் பள்ளி விடுமுறை தொடங்கும்போது சானல் வறண்டு கிடக்கும் என்பதால், அதே பிள்ளைகள் பெரியவர்கள் துணையின்றி ஆற்றுக்கும் குளத்துக்கும் போய்விடுகிறார்கள். சானலில் பழகிய கால்கள் ஆற்றிலும் தரை இருக்கும் என்று நம்பி இறங்குகின்றன. முன்பு மணல் அள்ளிய இடங்களில், முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியிலேயே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கக்கூடும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறத்தில் தெரியும்.

தடுப்பணையைப் பற்றி நான் அக்காள் மகனிடம் பலமுறை சொன்னேன். தண்ணீர் நிறைந்து வழியும்போது, விழும் இடத்துக்குக் கீழே நீர் உருண்டு மீண்டும் அணைச் சுவரை நோக்கியே திரும்புவதால், அதில் அகப்பட்டவர் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் வெளியே வருவது மிகக் கடினம். சிறிய உயரம்தானே என்று அங்கிருந்து குதிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கோடைமழை மலையில் பெய்தால் நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் ஆறு உயரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் அந்தக் கணமே கரையேறிவிட வேண்டும்.

குளத்துக்கு வேறு குணம். தாமரை படர்ந்த குளத்தில் பதற்றத்துடன் காலை உதைத்தால் தண்டுகள் மேலும் சுற்றிக்கொள்ளும்; மல்லாந்து மிதந்து, மெதுவாகக் காலை விடுவித்துக்கொள்ளப் பழக வேண்டும். ஆகவே நான் முதலில் கற்றுக்கொடுத்தது மிதப்பதைத்தான். நான்கு நாள்கள் அதற்கே போயின. திற்பரப்பு அருவிக்கு மேலே படகில் போகும்போதும் அவன் மிதவைச் சட்டையைக் கழற்ற நான் அனுமதிக்கவில்லை.

அவன் தங்கைக்கு வரும் சித்திரையில் எட்டு வயது நிறைகிறது. வயதுக்கு வந்ததும் என்னை ஆற்றுக்கு அனுப்புவதை வீட்டில் நிறுத்தினார்கள். அதற்குள் மாமா கற்றுத் தந்திருந்ததால்தான் இன்று இன்னொரு பிள்ளையின் அருகில் என்னால் தண்ணீரில் நிற்க முடிகிறது. அவளுக்காக இரண்டு நெற்றுகளை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.